இமயத்தில் கழுகு எண்ணப் போகிறவர்களுக்கு: துலாகர்க்கா வழிகாட்டி

இது ஒரே ஓர் இடத்தைப் பற்றிய வழிகாட்டி. நேபாளத்தில் பொக்காராவுக்கு மேற்கே, அன்னபூர்ணா மலைகளின் தெற்குச் சரிவில், சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் துலாகர்க்கா என்ற புல்வெளி இருக்கிறது. மத்திய ஆசியாவில் கோடையைக் கழித்த ஸ்டெப்பிக் கழுகுகள் இலையுதிர் காலத்தில் இமயத்தின் தெற்கு முகத்தை ஒட்டியே பறந்து இந்த இடத்தைக் கடக்கின்றன. அவற்றோடு பாறு (பிணந்தின்னிக் கழுகு), பருந்து, வல்லூறு என்று பல கொன்றுண்ணிப் பறவைகளும் வரும். ஒரு பருவத்தில் இங்கே பல ஆயிரம் ஸ்டெப்பிக் கழுகுகள் எண்ணப்படுகின்றன.

வலசை என்றாலே வடக்கிலிருந்து தெற்கு என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே பறவைகள் கிழக்கிலிருந்து மேற்கே போகும். இது தெரியாமல் வருகிறவர் முதல் நாள் முழுக்கப் பனிமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். கழுகுகள் அவர் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

எந்த அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், எந்த வாரம் போக வேண்டும், எண்ணும்போது என்ன செய்யக்கூடாது என்பதையெல்லாம் நான் துண்டு துண்டாகத்தான் கற்றுக்கொண்டேன். நம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

1. முதலில் தேதி, அப்புறம் டிக்கெட்

ஸ்டெப்பிக் கழுகுகளுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் மூன்றாம் வாரம் வரை உள்ள காலத்தைத் தேர்ந்தெடுங்கள். செப்டம்பர் பின்பாதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் போனால் வகைகள் அதிகம் கிடைக்கும், ஸ்டெப்பிக் கழுகு குறைவாக இருக்கும். அக்டோபர் முதல் பாதியில் சில நாட்கள் கர்க்கரா நாரைகள் வரிசை வரிசையாக மேலே போவதையும் பார்க்கலாம். டிசம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு போய்ப் பெரிய பயனில்லை.

குறைந்தது பத்து நாள் தங்கும்படி திட்டமிடுங்கள். இரண்டு நாள் மேகம் மூடிவிட்டால் மூன்று நாள் பயணத்தில் எஞ்சுவது ஒரே நாள்தான். எண்ணுகிற குழுவுக்கும் அடிக்கடி ஆள் மாறாமல் தொடர்ந்து இருப்பவரே உதவி.

பண்டிகைக் கணக்கையும் பாருங்கள். நேபாளத்தின் தசைன், திகார் இரண்டும் அக்டோபர், நவம்பரில்தான் வரும். திகார் நம் தீபாவளியை ஒட்டி வருகிறது. அந்த நாட்களில் அலுவலகங்கள் மூடியிருக்கும், பேருந்தில் இடம் இருக்காது, கிராமத்து விடுதிக்காரர்கள்கூட வீட்டு வேலையில் இருப்பார்கள். தீபாவளி நெரிசல் நம் ஊர் ரயில்களிலும் உண்டு. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அந்தக் காலையைத் தவறவிடாதீர்கள்.

2. எண்ணும் குழுவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள்

இங்கே 2012 முதல் நேபாளப் பறவையியலாளர் துளசி சுபேதியின் முயற்சியில் ஒவ்வோர் ஆண்டும் முறையான கணக்கெடுப்பு நடந்துவருகிறது. புல்வெளியில் போய் நின்று ரசிக்க யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் உங்கள் எண்ணிக்கை அவர்கள் கணக்கில் சேர வேண்டும் என்றால் முன்கூட்டியே தொடர்புகொள்வது அவசியம்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருப்பீர்கள், கொன்றுண்ணிப் பறவைகளில் எவற்றை நிச்சயமாக அடையாளம் காண முடியும், என்ன தொலைநோக்கி வைத்திருக்கிறீர்கள், பதிவு எழுதும் வேலைக்குத் தயாரா. இந்த நான்கும் போதும். புதியவர்களுக்கு முதலில் கிடைப்பது பதிவு எழுதும் வேலைதான். அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மூத்தவர் "கழுகு, ஸ்டெப்பி, இளையது, ஒன்று" என்று சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கி அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டால், அடையாளம் காண அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

பதில் வரவில்லை என்றாலும் போகலாம். தனியாக எண்ணிப் பதிவு செய்யும் வழியைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

3. அடையாள ஆவணம்: ஆதாரை நம்பிக் கிளம்பாதீர்கள்

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் போகிறவர்களிடம் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை இருக்க வேண்டும். ஆதார் அட்டை பொதுவாகச் செல்லாது. விமான நிலையக் கவுண்டரில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலர் இந்த ஒரு விஷயத்தில்தான் மாட்டுகிறார்கள். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மட்டும் வேறு அட்டைகளுக்கு இடமுண்டு. பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் இவற்றை நம்ப வேண்டாம். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நேராகப் போகும் இந்தியர்கள் பாஸ்போர்ட்டோடுதான் போக முடியும்.

இலங்கைத் தமிழர்களுக்கு: பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் நாட்டவர் என்பதால் அந்த ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கிறது. மலேசியா, கனடா, ஐரோப்பா போன்ற நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விமான நிலையத்தில் இறங்கியதும் விசா வாங்கலாம். 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர், 90 நாளுக்கு 125 டாலர். பத்து நாள் எண்ணிக்கையோடு போகவரப் பயணத்தையும் சேர்த்தால் 15 நாள் விசா இறுக்கமாகிவிடும். 30 நாள் விசாவையே வாங்குங்கள்.

அடையாள அட்டையின் நகல் நான்கு, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஆறு. இவை ஒரு பிளாஸ்டிக் உறையில் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். அனுமதிச் சீட்டுக்கும் நேபாள சிம் கார்டுக்கும் கேட்பார்கள்.

4. போய்ச் சேர்வது

விமானம் என்றால் டெல்லி வழியாகக் காத்மாண்டு, அங்கிருந்து பொக்காரா. காத்மாண்டு-பொக்காரா உள்நாட்டு விமானம் அரை மணி நேரத்துக்குள் போய்விடும். பேருந்தில் ஏறினால் பகல் முழுக்கப் போய்விடும் என்றே கணக்கு வையுங்கள், சாலைப் பணிகள் நடக்கும் வழி அது.

ரயில் என்றால் கோரக்பூர். கேரளத்திலிருந்து கோவை, சேலம் வழியாகப் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் நேராகக் கோரக்பூரில் விடும். ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். கோரக்பூரிலிருந்து சுனௌலி எல்லைக்குப் பேருந்தில் சுமார் மூன்று மணி நேரம். எல்லையை நடந்தே கடந்து பைரஹவா போய், அங்கிருந்து பொக்காராவுக்குப் பேருந்து. இரவுப் பேருந்து வேண்டாம். மலைப்பாதை வளைவுகளும் தூக்கமின்மையும் சேர்ந்தால் அடுத்த இரண்டு நாள் கண்ணில் தொலைநோக்கியை வைக்கவே மனம் வராது. பைரஹவாவில் ஓர் இரவு தங்கிக் காலையில் கிளம்புங்கள்.

பொக்காராவிலிருந்து காண்டே என்ற ஊருக்குப் பேருந்தும் டாக்ஸியும் உண்டு. காண்டேயிலிருந்து படிக்கட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் ஏறினால் இடம் வந்துவிடும். வழி கேட்கும்போது ஆஸ்திரேலியன் கேம்ப் என்று கேளுங்கள், டிரைவர்களுக்கு அந்தப் பெயர்தான் பழக்கம். விடுதிகளும் அங்கேதான். பெரிய பை இருந்தால் காண்டேயிலேயே சுமக்க ஆள் கேட்டுப் பாருங்கள், கூலியை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

5. அன்னபூர்ணா அனுமதிச் சீட்டு

இந்த இடம் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. நுழைவு அனுமதி கட்டாயம். சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. இந்தியர் என்பதற்கான அட்டையைக் காட்டினால்தான் சார்க் கட்டணம். பொக்காராவில் சுற்றுலா வாரிய அலுவலகத்தில் புகைப்படமும் அட்டை நகலும் கொடுத்து வாங்கலாம்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சீட்டு ஒரு முறை நுழைவதற்கானது. மேலே போய்விட்டு "நாளைக்குப் பொக்காரா போய் நல்ல ஜாக்கெட் வாங்கிட்டு வந்துடலாம்" என்று இறங்கினால் திரும்பப் போகும்போது சிக்கல் வரலாம். வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டே ஏறுங்கள். இன்னொன்று, மலையேற்றப் பதிவு அட்டை, வழிகாட்டி துணை பற்றிய விதிகள் 2023-க்குப் பிறகு மாறியிருக்கின்றன. சீட்டு வாங்கும் அதே கவுண்டரில், "ஆஸ்திரேலியன் கேம்ப்பில் மட்டும் தங்குகிறேன், அதற்கு மேல் போகவில்லை" என்று தெளிவாகச் சொல்லி, வேறு ஏதாவது தேவையா என்று கேட்டுவிடுங்கள். பக்கத்துக் கடையில் நிற்கும் தரகர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

6. செலவு

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். இது நிலையான மாற்று விகிதம், நாளுக்கு நாள் மாறாது. இதற்குக் குறைவாகத் தருகிறவர் கமிஷன் எடுக்கிறார் என்று அர்த்தம்.

அறை, மூன்று வேளை உணவு, டீ, செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 3,000 நேபாள ரூபாய் ஒதுக்கி வையுங்கள். பத்து நாள் தங்குவதாக முதலிலேயே சொன்னால் அறை வாடகையைக் குறைப்பார்கள். உணவு விலையில் பேரம் பேசாதீர்கள், அரிசியும் எரிவாயுவும் மேலே வந்து சேருவது சுலபமல்ல. பருப்பும் சோறும் காய்கறியும் கொண்ட தால்பாத் எல்லா விடுதியிலும் உண்டு. கேட்டால் மறுபடி போடுவார்கள். நாள் முழுவதும் வெளியில் நிற்பவருக்கு அதைவிடச் சரியான சாப்பாடு இல்லை.

பல ஆண்டுகளாக 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகள் நேபாளத்தில் செல்லாதவையாக இருந்தன. விதி தளர்ந்தாலும் மலைக் கடைக்காரர் 500 ரூபாய் நோட்டை வாங்கத் தயங்குவார். பொக்காராவிலேயே நேபாள ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள். 2024 முதல் நேபாளத்தின் ஃபோன்பே (Fonepay, நம் ஊர் PhonePe அல்ல) க்யூஆர் உள்ள கடைகளில் யுபிஐ வேலை செய்கிறது. பொக்காராவில் அது வசதி. மேலே நெட்வொர்க் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் தங்கும் நாட்களுக்கான முழுப்பணமும் ரொக்கமாகக் கையில் இருக்கட்டும்.

7. பையில் என்ன வைப்பது

8x42 அல்லது 10x42 தொலைநோக்கி. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், இரவல் வாங்கியாவது நல்லதைக் கொண்டு போங்கள். முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஸ்கோப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். கையில் அழுத்தி எண்ணும் எண்ணிக்கைப் பொத்தான் இரண்டு, பென்சில், கெட்டி அட்டை வைத்த நோட்டு, பவர் பேங்க். பேனா குளிரில் தகராறு செய்யும், பென்சிலே மேல்.

நவம்பர் இரவு நம் ஊட்டிக் குளிரைத் தாண்டும். பகலில் வெயில் முகத்தைச் சுட்டுவிடும். அகல விளிம்புத் தொப்பி, சன்ஸ்கிரீன், கையுறை, உள்ளே போடும் கம்பளி உடை, காற்றைத் தடுக்கும் மேல் ஜாக்கெட் இவை போதும். 2,050 மீட்டரில் மலை நோய் பற்றிப் பயப்பட வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டும், அதைவிட முக்கியமாகக் கழுகுகளின் பாதையில் அதற்கு வேலையே இல்லை.

8. கிளம்புவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள்

சென்னைக்காரர்களுக்குப் பெருங்குடிப் பக்கம் வட்டமிடும் கள்ளப்பருந்துகளே போதும். இருபது முப்பது சேர்ந்து சுழலும்போது ஒரு முறை எண்ணி, நண்பரையும் தனியாக எண்ணச் சொல்லி, இரண்டையும் ஒப்பிடுங்கள். சுழலும் கூட்டத்தை எண்ணுவது எவ்வளவு கடினம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

படம் பார்த்துப் பழகும்போது நிறத்தைவிட உருவத்தைக் கவனியுங்கள். கள்ளப்பருந்துக்கு வால் நுனி லேசாகப் பிளந்திருக்கும். தாடிப்பாறின் வால் ஆப்பு வடிவம், ஒரு முறை பார்த்தால் மறக்காது. இமாலயப் பாறு உடல் வெளிர், இறக்கையின் பின்பாதி கறுப்பு. கரும்பாறு முழுக்கக் கருமை, இறக்கை பலகை மாதிரி அகலம்.

ஸ்டெப்பிக் கழுகில் இளையதுதான் எளிது. இறக்கையின் அடிப்புறத்தில் நடுவே நீளமாக ஓடும் வெள்ளைப் பட்டை தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். வயதாக ஆக அந்தப் பட்டை மங்கி மறையும். முழு வளர்ச்சி பெற்றது ஒரே காப்பிக்கொட்டை நிறம், பறக்கும் இறகுகளில் மெல்லிய குறுக்குக் கோடுகள். இந்த இடத்தின் பெரிய கொடை, சில கழுகுகள் நாம் நிற்கும் மட்டத்துக்குக் கீழே, பள்ளத்தாக்கில் போகும் என்பது. அப்போது அதன் முதுகைப் பார்ப்போம். விரிந்த இறக்கை நுனியில் விரல் விரலாகப் பிரிந்த இறகுகள் காற்றுக்கேற்பத் தனித்தனியாக வளைவதும், அலகின் ஓரத்தில் மஞ்சள் வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னால் வரை நீள்வதும் தெரியும். அந்த நீண்ட வாய்க்கோடு ஸ்டெப்பிக் கழுகுக்கே உரிய அடையாளம். அருகில் வரும் பறவைகளில் இதைப் பார்த்துப் பழகுங்கள்.

9. எண்ணும் முறை

முதல் வேலை, கடிகாரம். நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால். மணிவாரியாகப் பதிவு செய்யும் கணக்கில் இந்தக் கால் மணி நேரம் எல்லாப் பெட்டிகளையும் குழப்பிவிடும். இந்திய சிம் ரோமிங்கில் இருக்கும் போன் சிலசமயம் பழைய நேரத்தையே காட்டும். தினமும் காலையில் குழுவில் எல்லாரும் நேரத்தைச் சரிபாருங்கள்.

இரண்டாவது, கோடு. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து நேர் தெற்கே ஒரு மலை முகட்டையோ பெரிய மரத்தையோ குறித்துக்கொண்டு, அதுவரை ஒரு கற்பனைக் கோடு போடுங்கள். வடக்குப் பக்கமும் அப்படியே. சுங்கச்சாவடியில் வண்டி எண்ணுவது போலத்தான், கிழக்கிலிருந்து வந்து அந்தக் கோட்டைத் தாண்டி மேற்கே போன பறவைதான் கணக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு நேரம் சுழன்றாலும் எண்ணாதீர்கள். சுழற்சி முடிந்து சறுக்கத் தொடங்கும்போது பறவைகள் ஒவ்வொன்றாகப் பிரியும், எண்ண வேண்டிய தருணம் அது. இங்கே கழுகுகள் பெரும்பாலும் ஒன்றும் இரண்டுமாகத்தான் வரும் என்பதால் மதிப்பீடு போடத் தேவையில்லாமல் தனித்தனியாகவே எண்ண முடியும்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது பாறுகள்தான். இமாலயப் பாறு இந்த மலைகளில் ஆண்டு முழுவதும் வாழ்கிறது. காலையில் மேற்கே போனது மதியம் கிழக்கே திரும்பும், மறுபடி மேற்கே போகும். ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தினால் ஐந்து பாறு மாலைக்குள் முப்பது ஆகிவிடும். கிழக்கே திரும்பிப் போவதைத் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். உள்ளூர்ப் பறவையா வலசைப் பறவையா என்று சந்தேகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். எட்டு மணிக்கு எண்ணும் இடத்தில் இருங்கள். வெயில் சரிவைச் சூடாக்கி வெப்பக் காற்று எழும்பும்வரை பெரிய பறவைகள் அதிகம் கிளம்பாது. ஒன்பது மணிக்கு மேல் வேகம் பிடிக்கும். பத்திலிருந்து மூன்று வரை முக்கியமான நேரம், அப்போது சாப்பாடு, டீ எல்லாம் முறை வைத்துத்தான். காலையில் பறவை வரும் கிழக்குத் திசையிலேயே சூரியனும் இருப்பதால் கண் கூசும். சூரியனுக்கு அருகே தொலைநோக்கியைக் கொண்டுபோகவே கூடாது, கண்ணுக்கு நிரந்தரச் சேதம் ஏற்படும். அந்தப் பகுதியை வெறும் கண்ணால், தொப்பி விளிம்பால் சூரியனை மறைத்துப் பாருங்கள்.

மேகத்தைக் கண்டு சலித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளை மேகத்தின் முன்னால் போகும் கழுகு தெளிவாகத் தெரியும். தடை செய்வது வெறும் நீல வானம்தான், உயரத்தில் போகும் பறவையைக் கண் பிடிக்காமல் விட்டுவிடும். அத்தகைய நாளில் அடிவானத்திலிருந்து தொடங்கி, தொலைநோக்கியால் பட்டை பட்டையாக மேலே துழாவுங்கள். ஒரு பட்டையும் அடுத்ததும் கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒருவரே துழாவக்கூடாது. களைத்த கண், பறவை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்.

ஒவ்வொரு மணி முடிவிலும் எண்ணிக்கையோடு மேகமூட்டம், காற்றின் திசை, பார்வைத் தூரம், எத்தனை பேர் பார்த்தோம் என்பதை எழுதுங்கள். பறவையே வராத மணி நேரத்துக்கும் பூஜ்யம் என்று எழுதுவது கட்டாயம். வெற்றுப் பெட்டியைப் பார்க்கிறவருக்கு நீங்கள் பார்த்தும் வரவில்லையா, பார்க்கவே இல்லையா என்று தெரியாது.

'அடையாளம் தெரியாத கழுகு' என்று ஒரு வரி படிவத்தில் இருக்கும். தயங்காமல் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் ஸ்டெப்பிதானே வருகிறது, இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதுவதுதான் மோசமான பிழை. ஸ்டெப்பிக் கழுகு 2015 முதல் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் இந்த எண்களை வைத்துத்தான் இந்த இனம் குறைகிறதா என்று பார்க்கப் போகிறார். ஊகித்து எழுதிய கழுகும் உண்மையில் இருந்த ஸ்டெப்பிக் கழுகாகவே அவருக்குத் தெரியும்.

வயதையும் குறியுங்கள்: இளையது, வளர்ந்தது, தெரியவில்லை. இளையவற்றின் பங்கு அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படிப் போனது என்பதற்கு ஒரு தடயம்.

10. பதிவைச் சேர்ப்பது

குழுவோடு எண்ணியிருந்தால் படிவங்கள் அவர்களுடையவை. அன்றன்று மாலையே கூட்டிச் சரிபார்த்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலை ஒப்படைத்துவிடுங்கள். மொத்த எண்ணிக்கையை அவர்கள் வெளியிடும் முன் சமூக ஊடகத்தில் போடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தனியாக எண்ணியிருந்தால், பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் (eBird) செயலியில் ஒரே இடத்தில் நின்று பார்த்த பட்டியலாக, மணிக்கு ஒன்று என்று பிரித்துப் பதிவேற்றுங்கள். எட்டு மணி நேரத்தை ஒரே பட்டியலாகப் போட்டால் எந்த நேரத்தில் எத்தனை போயின என்ற விவரம் காணாமல் போய்விடும். குறிப்புப் பகுதியில் திசையையும் உள்ளூர்ப் பாறுகள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். நெட்வொர்க் இல்லாவிட்டாலும் செயலி பட்டியலைப் போனில் சேமிக்கும். பொக்காரா இறங்கியதும் அனுப்பலாம். முன்கூட்டியே நேபாளத்துக்கான பறவைப் பட்டியலைப் பதிவிறக்கி வைத்திருந்தால்தான் மேலே செயலி ஒழுங்காக வேலை செய்யும்.

திரும்பி வந்த பிறகும் ஆர்வம் தணியவில்லை என்றால், டிசம்பர், ஜனவரியில் ராஜஸ்தானின் பிகானேர் அருகே ஜோர்பீருக்குப் போங்கள். இறந்த கால்நடைகளைப் போடும் அந்த இடத்தில் ஸ்டெப்பிக் கழுகுகள் பெரும் எண்ணிக்கையில் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். பறக்கும்போது குழப்பிய வயது வேறுபாடுகளை அங்கே ஆற அமரப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.